‘எத்தனை வாட்டி சொன்னாலும் ஏறாதா?’ என்று திட்டும் முன்... ‘சாரம் கட்டும்’ கற்பித்தல் என்றால் என்ன?

செங்கல்பட்டில் மூன்றாம் வகுப்பு படிக்கும் இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். கழித்தல் கணக்குத் தேர்வில் இருவருக்குமே பத்துக்கு மூன்று மார்க். ரிப்போர்ட் கார்டில் இருவரும் ஒன்றுதான். வீட்டில் விழும் திட்டும் ஒன்றுதான்: “எத்தனை வாட்டி சொன்னாலும் மண்டையில ஏறாதா?”

ஆனால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, “இந்த இடத்துல என்ன பண்ணின, சொல்லு பார்ப்போம்” என்று கேட்டால், ஒரு பிள்ளை தப்பான ஏழு கணக்கில் ஆறைச் சரியாகப் போட்டுவிடுகிறது. இன்னொரு பிள்ளை அதே உதவியோடு ஒரே ஒரு கணக்கைத்தான் போடுகிறது. இப்போது சொல்லுங்கள், இருவரும் ஒரே நிலையில்தான் இருக்கிறார்களா?

சுமார் 90 ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்வியைக் கேட்டவர் லெவ் வைகாட்ஸ்கி. அவர் சொன்ன பதில் இன்று உலகம் முழுக்க ஆசிரியர் பயிற்சியில் பாடம். நம் வீட்டுப் பிள்ளையை ‘மக்கு’ என்று முத்திரை குத்துவதற்கு முன் நாமும் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

யார் இந்த வைகாட்ஸ்கி?

1896-ல், இன்றைய பெலாரஸ் நாட்டில் உள்ள ஓர்ஷா என்ற ஊரில் பிறந்தவர். பி.எட். படித்தவர்களுக்கு நன்றாகப் பழக்கமான ழான் பியாஜே பிறந்ததும் அதே ஆண்டுதான். குழந்தை தானே தொட்டு, உருட்டி, சோதித்துப் பார்த்து அறிவைக் கட்டிக்கொள்கிறது, அது படிப்படியான பருவங்களில் நடக்கிறது என்றார் பியாஜே. வைகாட்ஸ்கியின் பார்வை வேறு. குழந்தை எதையும் முதலில் இன்னொரு மனிதரோடு சேர்ந்துதான் செய்கிறது, பிறகுதான் அது அதன் சொந்தத் திறமையாகிறது என்றார்.

காசநோயால் 1934-ல் அவர் இறந்தபோது வயது 37. அதன் பிறகு சோவியத் ரஷ்யாவிலேயே சுமார் 20 ஆண்டுகள் அவரது எழுத்துகள் முடக்கப்பட்டன. 1962-லும் 1978-லும் ஆங்கிலத்தில் வந்த மொழிபெயர்ப்புகளுக்குப் பிறகுதான் உலகம் அவரைப் பரவலாகப் படித்தது.

அவர் தந்த உதாரணம் எளிமையானது. பத்து வயதுப் பிள்ளைகள் இருவர். தனியாகச் சோதித்தால் இருவரும் எட்டு வயதுக்கான கணக்குகளைத்தான் போடுகிறார்கள். கொஞ்சம் வழிகாட்டினால் ஒருவர் ஒன்பது வயதுக்கான கணக்கு வரை போகிறார். இன்னொருவர் பன்னிரண்டு வயதுக்கான கணக்கு வரை போய்விடுகிறார். தேர்வு நமக்குக் காட்டுவது ‘எட்டு’ என்பதை மட்டும்தான். ஒன்பதும் பன்னிரண்டும் அதில் தெரிவதே இல்லை.

குழந்தை தனியாகச் செய்வதற்கும் உதவியோடு செய்வதற்கும் நடுவில் உள்ள இந்த இடத்துக்கு ‘அண்மை வளர்ச்சி மண்டலம்’ என்று பெயர். நம் பேச்சில் சொன்னால், எட்டிப்பிடிக்கிற தூரம்.

ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்குப் போரடிக்கும். எட்டவே எட்டாததைச் சொல்லிக்கொடுத்தால் பயம் வரும். நடுவில் உள்ள இந்த எட்டிப்பிடிக்கிற தூரத்தில் பாடம் நடந்தால்தான் பிள்ளை வளரும்.

‘சாரம்’ எங்கிருந்து வந்தது?

மாமல்லபுரத்தின் ஒற்றைக்கல் ரதங்கள் எல்லாம் மேலிருந்து கீழாகச் செதுக்கப்பட்டவை. வலையன்குட்டை ரதத்தையும் பிடாரி ரதங்களையும் பார்த்தால் இது தெளிவாகப் புரியும். மேலே விமானம் முடிந்திருக்கும், அடிப்பகுதி செதுக்கி முடிக்கப்படாமல் பாறையாகவே நிற்கும். உச்சியை வேலை செய்த சிற்பிகளுக்குத் தனியாகச் சாரம் கட்டவேண்டிய தேவை இல்லை. சுற்றிலும் வெட்டாமல் விட்ட பாறையே சாரம். மேல் வேலை முடிய முடிய, நின்ற பாறையையும் வெட்டிக்கொண்டே இறங்கினார்கள்.

வீடு கட்டும்போது சவுக்குக் கம்பில் சாரம் கட்டுகிறோம். பூச்சு முடிந்ததும் பிரித்துவிடுகிறோம். சாரத்தின் வேலையே கொஞ்ச நாள் தாங்கிவிட்டு விலகுவதுதான்.

கற்பித்தலுக்கு இந்த உவமையைக் கொண்டுவந்தது வைகாட்ஸ்கி இல்லை. டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகிய மூவரும் 1976-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை அது. மூன்று, நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் 30 பேரிடம் 21 மரக்கட்டைகளைக் கொடுத்து, பிரமிடு போல அடுக்கச் சொன்னார்கள். பயிற்சியாளர் ஒருவர் கூட இருந்தார். அவருக்கு ஒரே கட்டளை: பிள்ளையால் முடிந்தவரை அதுவே செய்யட்டும், முடியாத இடத்தில் மட்டும் கை கொடுங்கள்.

ஆனால் அந்த ‘கை கொடுப்பது’ வயதுக்கு வயது மாறியது. மூன்று வயதுப் பிள்ளைகளை வேலையில் இழுத்துப் பிடித்து வைப்பதே பெரிய வேலையாக இருந்தது. நான்கு வயதினருக்கு எங்கே தப்பு என்று சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது. ஐந்து வயதினர் பெரும்பாலும் தாங்களே செய்துவிட்டு, “இது சரிதானே?” என்று உறுதி செய்துகொள்ளவே பயிற்சியாளரைப் பார்த்தார்கள். அதாவது, எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவு சாரம் கிடையாது.

வீட்டில் இது எப்படி இருக்கும்?

52-லிருந்து 17-ஐக் கழிக்க வேண்டும். பிள்ளை 45 என்று எழுதியிருக்கிறது. நாம் உடனே “தப்பு!” என்கிறோம். ஆனால் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு எழுதவில்லை. “2-லிருந்து 7 போகாது, அதனால 7-லிருந்து 2-ஐக் கழிச்சிட்டேன்” என்று அதற்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

இதற்கு மூன்று விதமாக உதவலாம்.

ஒன்று, “இப்படிப் போடு” என்று நாமே 35 என எழுதிக் கொடுப்பது. ஹோம்வொர்க் முடிந்துவிடும், கணக்கு வராது.

இரண்டு, “யோசி, யோசி, உனக்கே தெரியும்” என்று விட்டுவிடுவது. எந்த இடத்தில் யோசிக்க வேண்டும் என்று தெரியாத பிள்ளைக்கு இது தண்டனைதான்.

மூன்றாவது, சாரம். பத்துப் பத்துக் குச்சியாக ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு குச்சி வைக்கிறோம். “இதுலேர்ந்து 17 எடு பார்ப்போம்.” பிள்ளை ஒரு கட்டை எடுக்கும். அடுத்து ஏழு உதிரி வேண்டும், இரண்டுதான் இருக்கிறது. இங்கே கொஞ்சம் காத்திருக்க வேண்டும். முடியவில்லை என்றால், “ஒரு கட்டைப் பிரிச்சா என்ன ஆகும்?” என்று மட்டும் கேட்கலாம். பிரித்தால் உதிரி பன்னிரண்டு ஆகும். ஏழை எடுத்தால் மீதி ஐந்து. கட்டு மூன்று. விடை 35. ‘கடன் வாங்குவது’ என்றால் என்ன என்பது இப்போது கைக்குத் தெரிந்துவிட்டது.

இதில் நடந்ததைக் கவனியுங்கள். பிள்ளை முழுக் கணக்கையும் ஒரே நேரத்தில் சுமக்கவில்லை. முக்கியமான ஒரு இடத்தை மட்டும் நாம் காட்டினோம். எரிச்சல் வரும் முன் கை கொடுத்தோம். விடையைப் பிள்ளையே கண்டுபிடித்தது.

“விரல் விட்டு எண்ணாதே”, “முணுமுணுக்காம படி” என்றும் சொல்ல வேண்டாம். குழந்தைகள் வேலை செய்யும்போது தனக்குத்தானே பேசிக்கொள்வதை வைகாட்ஸ்கி முக்கியமாகக் கருதினார். வெளியே கேட்கும் அந்தப் பேச்சுதான் பிறகு உள்ளுக்குள் சிந்தனையாக மாறுகிறது என்பது அவர் விளக்கம். விரலும் முணுமுணுப்பும் பிள்ளை தனக்குத்தானே கட்டிக்கொண்ட சாரம். தேவை முடிந்ததும் தானாகவே போய்விடும்.

எப்போது பிரிப்பது?

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். டியூஷனில் ஒவ்வொரு வரியும் சொல்லித்தான் எழுதுகிறது. ஸ்கூல் பிராஜெக்ட்டை அம்மாவோ அப்பாவோ ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து செய்கிறார்கள். மார்க் வருகிறது. தேர்வு அறையில் தனியாக உட்கார்ந்ததும் பிள்ளைக்குக் கை நடுங்குகிறது. காரணம், சாரத்தை யாரும் பிரிக்கவே இல்லை.

டேவிட் வுட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் சொன்ன விதி ஒன்று இருக்கிறது. பிள்ளை தடுமாறினால் உதவியை ஒரு படி கூட்டுங்கள். சரியாகச் செய்துவிட்டால், அடுத்த முறை ஒரு படி குறையுங்கள். இன்று குச்சிக் கட்டோடு போட்ட கணக்கை நாளை படம் வரைந்து போடலாம், மறுநாள் எண்ணை மட்டும் வைத்துப் போடலாம். தடுமாறினால் திரும்பவும் குச்சி. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

மாமல்லபுரம் சிற்பக் கூடங்களிலும் தொழில் பழகுவது ஏறக்குறைய இப்படித்தான். பெரியவர் கல்லில் காவிக் கோடு போட்டுக் கொடுப்பார். பழகுபவர் கோட்டுக்கு வெளியே உள்ள கல்லைத் தட்டி எடுப்பார். கை பழகப் பழக நுணுக்கமான வேலைகள் வரும், முகம் கடைசியில்தான். கோடு இல்லாமல் செதுக்கும் நாள் ஒன்று வரும் என்பதால்தான் கோடே போடப்படுகிறது.

தமிழக வகுப்பறைகளில் இது இருக்கிறதா?

இருக்கிறது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார் முயற்சியில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திராவின் ரிஷி வேலி பள்ளிகளின் அட்டை முறைதான் அதற்கு முன்மாதிரி. வகுப்பு முழுவதும் ஒரே பக்கத்தைப் படிக்காமல், ஒவ்வொரு பிள்ளையும் ‘கற்றல் ஏணி’யில் தன் படியிலிருந்து ஏறும். பிறகு அது மாநிலம் முழுக்கப் போனது.

கொரோனா வந்தபோது தொடக்கப் பள்ளிகள் ஒன்றரை ஆண்டுக்கு மேல் மூடிக்கிடந்தன. 2021 அக்டோபர் 27 அன்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே மரக்காணம் அருகில் உள்ள முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. தெருவில் தெரிந்த அக்கா ஒருவர், சுமார் 20 பிள்ளைகள், மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம்.

பலன் இருந்ததா? பொருளாதார ஆய்வாளர்கள் அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் 24 சதவீதத்துக்கு இந்த மாலை வகுப்புகளே காரணம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. அதில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் படிக்கிறார்கள். எந்த வகுப்பில் இருக்கிறது என்பதைவிட, எது வரை தெரியும் என்பதே கணக்கு. வைகாட்ஸ்கியின் கேள்வியே இதிலும் இருக்கிறது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ‘அரும்பு’ என்பது பிள்ளை இன்று நிற்கும் படி. அதுவே பட்டப்பெயர் ஆகிவிடக் கூடாது. ஆண்டு முழுக்க ஒரு பிள்ளை அரும்பிலேயே இருந்தால், “அது அப்படித்தான்” என்று விடாமல், எந்தச் சாரம் குறைகிறது என்று பள்ளியில் கேட்கலாம். ஒரே அறையில் பல வகுப்புகளைக் கவனிக்கும் ஆசிரியரால் ஒவ்வொரு பிள்ளையோடும் உட்கார முடியாது என்பதும் உண்மைதான். அதற்கும் ஒரு வழி உண்டு. சாரம் பெரியவர்தான் கட்ட வேண்டும் என்றில்லை, நன்றாகத் தெரிந்த சக மாணவரும் கட்டலாம் என்று வைகாட்ஸ்கியே சொல்லியிருக்கிறார்.

வீட்டு மொழியும் ஒரு சாரம்

மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நரிக்குறவர் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களின் வாக்ரிபோலி, தமிழோடு உறவில்லாத இந்தோ-ஆரிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தில் இருளர் குடியிருப்புகளும் உண்டு. இப்படி வேறு மொழி, வேறு பேச்சோடு வளரும் பிள்ளை முதல் வகுப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால், அதற்கு எண் தெரியவில்லை என்று அர்த்தம் இல்லை. எண்ணின் தமிழ்ப் பெயர் தெரியாமல் இருக்கலாம். ஊசி மணி கோப்பதில் எண்ணிக்கை உண்டு, சில்லறை கொடுப்பதில் கழித்தல் உண்டு. அந்தப் பிள்ளையின் மொழியில் நாலு வார்த்தை தெரிந்த ஆசிரியர், அல்லது அதே குடியிருப்பில் படித்த ஓர் அக்கா, அங்கே பெரிய சாரம். அது இல்லாவிட்டால், புரியாத வகுப்பில் உட்கார்ந்து உட்கார்ந்து அந்தப் பிள்ளை ஒரு நாள் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிடும்.

உதவியும் பலிக்கவில்லை என்றால்?

மாதக்கணக்கில் பொறுமையாக உதவியும் எழுத்தோ எண்ணோ பிடிபடவில்லை என்றால், முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அரசுப் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வரும் சிறார் நல மருத்துவக் குழுவிடம் காட்டலாம். டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடு என்று சந்தேகம் இருந்தால், வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரைப் பார்க்கப் பள்ளி மூலம் கேளுங்கள். அதற்கும் திட்டு மருந்தாகாது.

மற்றபடி, இன்று மாலை பிள்ளை நோட்டைத் திறக்கும்போது மார்க்கைக் கேட்பதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். போன வாரம் இதே கணக்குக்கு மூன்று முறை உதவி கேட்டது. இன்று ஒரு முறைதான் கேட்டது. விடை இன்னும் தப்பாகவே இருந்தாலும், பிள்ளை முன்னேறியிருக்கிறது. அதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள்.