காந்த ரயில் கிரிவலம் வருமா?

ஜப்பானின் யமனாஷி சோதனைப் பாதையில் 2015 ஏப்ரல் 21 அன்று, காந்த விசையில் மிதந்தபடியே ஒரு ரயில் மணிக்கு 603 கி.மீ. வேகத்தில் ஓடியது. சக்கர ரயிலும் சளைத்ததல்ல. பிரான்சின் டி.ஜி.வி., 2007 ஏப்ரல் 3 அன்றே ஒரு சிறப்பு ஓட்டத்தில் 574.8 கி.மீ.யை எட்டிவிட்டது. அப்படியானால் எதில் வித்தியாசம்?

டி.ஜி.வி. அதிவேகப் பாதை முடிந்ததும் பழைய தண்டவாளத்திலேயே ஊருக்குள் வந்து நிற்கும். மேக்லெவ் எனப்படும் காந்த ரயிலோ தனக்கென்று போட்ட பாதையை விட்டு ஓர் அடி நகராது. ஷாங்காயில் 430 கி.மீ. வேகத்தில் ஓடிய மேக்லெவுக்கு மொத்தப் பாதையே சுமார் 30 கி.மீ.தான். விமான நிலையத்திலிருந்து வருபவர் நகர மையத்துக்குப் போக, இறங்கி மெட்ரோ பிடிக்க வேண்டும். டோக்கியோ–நகோயா மேக்லெவ் பாதையில் பெரும்பகுதி சுரங்கம்; 2027 என்ற கெடுவும் தவறிவிட்டது. உராய்வில்லை, தேய்மானம் குறைவு, மேட்டிலும் ஏறும் என்பார்கள் மேக்லெவ் பிரியர்கள். இருக்கட்டும்.

நம் பக்கம் வருவோம். சென்னையை அடுத்த தையூரில் ஐ.ஐ.டி. மாணவர்கள், குழாய்க்குள் வண்டி மிதந்து ஓடும் ஹைப்பர்லூப் சோதனைக்காக 422 மீட்டர் நீளக் குழாய் அமைத்திருக்கிறார்கள். பாராட்டலாம். ஆனால் 2024 மே மாதம் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்ட சென்னை கடற்கரை ரயில், மாலை 6 மணிக்குப் புறப்பட்டு நள்ளிரவுதான் வந்து சேர்ந்தது. அரக்கோணம், காட்பாடி, வேலூர் என்று சுற்றி வந்தால் வேறென்ன ஆகும்? அதிலும் காட்பாடி–விழுப்புரம் தடம் ஒற்றைப் பாதை. எதிரே ஒரு வண்டி வந்தால் இது ஒதுங்கி நிற்க வேண்டும்.

பௌர்ணமி இரவில் 14 கி.மீ. கிரிவலம் முடித்து, வீங்கிய காலோடு பிளாட்பாரத்தில் துண்டு விரித்துப் படுப்பவர்களைப் பாருங்கள். வண்டி நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகப் பை பறக்கும், துண்டு விழும். ஏற முடியாத பாட்டி கைப்பிடியைப் பிடித்தபடி நிற்பார். அவருக்கு மிதக்கும் ரயில் வேண்டாம். உட்கார ஓர் இடம் போதும்.

செஞ்சி வழியாகத் திண்டிவனம்–திருவண்ணாமலை புதிய பாதை சுமார் 70 கி.மீ. 2006-07இல் ஒப்புதல் பெற்றது. இன்னும் வண்டி ஓடவில்லை. அதையும் முடித்து, ஒற்றைப் பாதையை இரட்டையாக்கினாலே சாதாரண ரயில் பாதி நேரத்தில் வந்துவிடும். முதலில் அதைச் செய்யுங்கள். காந்தம் பிறகு வரட்டும்.