பிப்ரவரி 14... காதலர் தினம் மட்டுமா?

ஆழ்வார்பேட்டை, டி.டி.கே. சாலை. சாயங்கால டீ வேளை. கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்க, கையில் கிளாஸோடு நின்ற நான்கு இளைஞர்களிடம் ஒரு குட்டிப் பரீட்சை வைத்தோம்.

"செப்டம்பர் 11?"

"அமெரிக்கா சார். ரெண்டு டவர்!" கேள்வி முடியும் முன்பே பதில்.

"நவம்பர் 26?"

"மும்பை. தாஜ் ஓட்டல். கசாப்!"

"சபாஷ். பிப்ரவரி 14?"

"லவ்வர்ஸ் டே!" ஒருவர் வெட்கப்பட, மற்ற மூவரும் அவர் முதுகில் செல்லமாகக் குத்தினார்கள்.

"ஆகஸ்ட் 2?"

"ஆடிப்பெருக்கா சார்?"

பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் வரிசையாகக் குண்டுகள் வெடித்து 58 பேர் செத்தார்கள். அத்வானி தேர்தல் கூட்டத்தில் பேச வரவிருந்த நாள் அது. 1984 ஆகஸ்ட் 2 இரவு வெடித்தது நம் மீனம்பாக்கம் விமான நிலையத்தில். கொழும்பு விமானத்துக்கு என்று வந்த பெட்டியில் குண்டு. 'வெடிக்கப் போகிறது' என்று போனில் எச்சரிக்கை வந்தும் காரியம் கைமீறிவிட்டது. 30 பேருக்கு மேல் பலி. ஊருக்குத் திரும்பக் காத்திருந்த இலங்கைக்காரர்கள் நிறைய பேர். டீக்கடையிலிருந்து மீனம்பாக்கம் என்ன, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்குமா? நியூயார்க் அதைவிடப் பக்கத்தில் இருக்கிறது!

"வெள்ளைக்காரன் செத்தாத்தான் சார் நியூஸு" என்றார் ஓர் இளைஞர். தப்பில்லை. 2015 நவம்பர் 12-ல் பெய்ரூட்டில் தற்கொலைக் குண்டுகளுக்கு 40 பேருக்கு மேல் இறந்தார்கள். மறுநாள் பாரிஸில் 130 பேர். உலகமே தன் ஃபேஸ்புக் படத்துக்கு பிரான்ஸ் கொடியைப் போர்த்திக்கொண்டது. 'நான் பத்திரமாக இருக்கிறேன்' என்று சொல்லும் பட்டனை ஃபேஸ்புக் பாரிஸுக்குத் தந்தது, பெய்ரூட்டுக்குத் தரவில்லை. லெபனான்காரர்கள் கொதித்துப் போனார்கள்.

சரி, நாம் மட்டும் என்ன வாழ்கிறதாம்?

2008 மும்பையையே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 166 பேர் பலி. டி.வி. கேமராக்கள் மூன்று நாள் தாஜ் ஓட்டல் வாசலிலேயே கூடாரம் போட்டன. ஆனால் ஒரே இடத்தில் அதிகம் பேர் செத்தது சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில். மூட்டை முடிச்சோடு வெளியூர் ரயிலுக்குக் காத்திருந்த ஜனங்கள். அந்த வேட்டை சீக்கிரமே முடிந்துவிட்டது. தாஜில் புகை வந்துகொண்டே இருந்தது. கேமராவுக்குப் புகை பிடிக்கும்.

அதற்கு இரண்டு வருடம் முன்னால், 2006 ஜூலை 11 மாலை. ஆபீஸ் விட்டு வீடு திரும்பும் கூட்டம். மின்சார ரயில்களின் முதல் வகுப்புப் பெட்டிகளில் பதினோரு நிமிடத்துக்குள் ஏழு குண்டுகள். 180 பேருக்கு மேல் பலி, தாஜ் ஆண்டைவிட அதிகம். அத்தனை பேரும் உங்களைப்போல சீசன் டிக்கெட் ஆசாமிகள்தான். நம் பரீட்சையில் அந்தத் தேதியைக் கேட்டிருந்தால்?

எல்லாவற்றையும்விட விசித்திரம், 'கனிஷ்கா' கதை. 1985 ஜூன் 23. கனடாவிலிருந்து லண்டன் வழியாக டெல்லி வரவேண்டிய ஏர் இந்தியா விமானம், அயர்லாந்துக்கு அருகே கடலுக்கு மேல் வெடித்துச் சிதறியது. 329 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அவர்களில் 268 பேர் கனடா குடிமக்கள். ஆனால் கனடா பிரதமர் மல்ரோனி துக்கம் விசாரித்தது யாரிடம் தெரியுமா? நம் ராஜீவ் காந்தியிடம்! தன் நாட்டுக் குடும்பங்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்க, அடுத்த வீட்டு இழவாகவே அதைப் பார்த்தது கனடா. பாஸ்போர்ட் கனடாவுடையது; தோல் நம்முடையது. அந்த நாட்டுப் பிரதமர் ஒருவர் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்கக் கால் நூற்றாண்டு ஆயிற்று. 2010-ல் ஹார்ப்பர் கேட்டார்.

இந்தியாவாவது சொந்தம் கொண்டாடியதா? நாமும் 'கனடாக்காரங்க' என்று விட்டுவிட்டோம்.

அயர்லாந்துக் கரையோர ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெயர்களை உச்சரிக்கக்கூடத் தெரியாது. ஆனாலும் அயர்லாந்தின் தென்மேற்குக் கரையில், அஹாகிஸ்டா என்ற குட்டிக் கிராமத்தில், மறுவருடமே நினைவிடம் எழுந்தது. ஒவ்வொரு ஜூன் 23-ம் காலையில் அங்கே கூடுகிறார்கள். செத்தவர்களின் உறவினர்களோடு, அந்த ஊர்க்காரர்களும் வந்து நிற்கிறார்கள்.