நாற்பத்தாறரை மில்லிமீட்டர்

ஒளியும் கண்ணாடியும் – 14

கேமரா மாற்றலாம் என்று முடிவு செய்தவர்கள் விவரப் பட்டியலை வரிவரியாகப் படிக்கிறார்கள். எத்தனை மெகாபிக்சல், நொடிக்கு எத்தனை படம், இருட்டில் எவ்வளவு ஐ.எஸ்.ஓ. தாங்கும், வீடியோ எப்படி என்று எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஆனால் அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் லென்ஸ்களின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிற எண் ஒன்று உண்டு. அதைக் கடைக்காரரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. கேமராவின் முகப்பில் லென்ஸ் வந்து பூட்டிக்கொள்ளும் உலோக வளையம் இருக்கிறதல்லவா, அங்கிருந்து உள்ளே ஃபிலிமோ சென்சாரோ இருக்கும் தளம் வரை உள்ள தூரம்தான் அந்த எண். அந்த வளைய அமைப்பை மவுண்ட் என்பார்கள். நிக்கானின் எஃப் மவுண்டில் அந்தத் தூரம் 46.5 மி.மீ. 1959இல் வந்த முதல் நிக்கான் எஃப் கேமராவிலும் அவ்வளவுதான். 2017இல் வந்த டி850இலும் அவ்வளவுதான். இடையில் ஃபிலிம் போய் சென்சார் வந்துவிட்டது, அந்தத் தூரம் மட்டும் நகரவே இல்லை. லென்ஸ் சேர்க்கும் ஆசை உள்ளவர்கள் மெகாபிக்சலுக்கு முன்னால் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பது என் கட்சி.

ஏன் இந்தத் தூரத்துக்கு இவ்வளவு மரியாதை? ஒவ்வொரு லென்ஸும் சென்சாரிலிருந்து இத்தனை மில்லிமீட்டர் தள்ளி உட்காரும் என்று கணக்குப் போட்டே செய்யப்படுகிறது. அதைவிடக் கொஞ்சம் தள்ளி உட்கார வைத்தால் பக்கத்தில் இருக்கும் பூ தெளிவாக விழும், தெருக்கோடியில் இருக்கும் கோபுரம் எவ்வளவு திருகினாலும் கலங்கியே நிற்கும். பூச்சிகளைப் படமெடுப்பவர்கள் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே வெற்றுக் குழாயைச் செருகுவது இதே விதியைப் பயன்படுத்தித்தான். மாறாக, கேமராவின் தூரம் லென்ஸுக்கு வேண்டியதைவிடக் குறைவாக இருந்தால் கவலையே இல்லை. குறைகிற மில்லிமீட்டர்களை ஓர் உலோக வளையத்தால் நிரப்பிவிடலாம். கேனனின் இ.எஃப். மவுண்டில் தூரம் 44 மி.மீ. ஆகவே நிக்கான் லென்ஸை இரண்டரை மில்லிமீட்டர் தடிமனுள்ள வளையம் போட்டுக் கேனனில் மாட்ட முடியும். கேனன் லென்ஸை நிக்கானில் மாட்டி அதே கோபுரத்தைத் தெளிவாக எடுக்க வழியில்லை. பெரிய எண்ணுக்குச் செய்த லென்ஸ் சிறிய எண்ணுள்ள கேமராவுக்குக் குடிபோகலாம், எதிர்த் திசையில் போக முடியாது. லென்ஸ் உலகத்தின் போக்குவரத்து எல்லாம் இந்த ஒருவழிப் பாதையில்தான் நடக்கிறது.

இதற்கு வலுவான சாட்சி 1987இல் கேனன் எடுத்த முடிவு. 1971இல் வந்த எஃப்.டி. மவுண்டை நம்பிப் பதினாறு ஆண்டுகள் லென்ஸ் சேர்த்தவர்கள் இருந்தார்கள். தானியங்கி ஃபோகஸுக்காக அந்த ஆண்டு கேனன் அதைக் கைவிட்டு இ.எஃப். மவுண்டுக்குத் தாவியது. பழைய எஃப்.டி. லென்ஸுக்கு வேண்டிய தூரம் 42 மி.மீ., புதிய கேமராவிலோ 44. இரண்டே மில்லிமீட்டர் வித்தியாசம். ஆனால் அது தவறான திசையில் இருந்ததால் எஃப்.டி. லென்ஸ் புதிய கேனன் கேமராவில் தொலைவிலுள்ளதைப் பிடிக்க மறுத்தது. நடுவே கண்ணாடி வைத்த அடாப்டர்களை மாட்டிச் சமாளித்தவர்களுக்குப் படத்தின் தரம் குறைந்தது. அருமையான லென்ஸ்கள், குற்றம் ஏதும் செய்யாமலே அலமாரிக்குள் போயின. மினோல்டா 1985இல் தன் பழைய ரோக்கார் லென்ஸ்களுக்கு இதையே செய்திருந்தது. அவற்றின் எண் 43.5, புதிய மவுண்டின் எண் 44.5.

அலமாரியில் தூங்கியவற்றை எழுப்பியது மிரர்லெஸ் கேமரா. எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள் மேலும் கீழும் அசையும் கண்ணாடி ஒன்று உண்டு. அது அசைய இடம் வேண்டியதால்தான் நாற்பது மில்லிமீட்டருக்கு மேல் தூரம் தேவைப்பட்டது. கண்ணாடியை எடுத்துவிட்டால் சென்சாரை முன்னால் கொண்டுவந்துவிடலாம். 2008இல் பானசோனிக் ஜி1 அதைச் செய்தது, 2010இல் சோனி 18 மி.மீ. தூரமுள்ள இ மவுண்டைக் கொண்டுவந்தது. ஆனாலும் பழைய லென்ஸ் வைத்திருந்தவர்களுக்கு அப்போது பாதி நிம்மதிதான். சென்சார் சிறியதாக இருந்ததால் 50 மி.மீ. லென்ஸ் சோனியில் 75 மி.மீ. போலவும் பானசோனிக்கில் 100 மி.மீ. போலவும் குறுகிய காட்சியையே காட்டியது. 2013இல் பழைய ஃபிலிம் சட்டத்தின் அளவேயுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரோடு சோனி ஏ7 வந்த பிறகே அந்த லென்ஸ்களுக்குத் தங்கள் சொந்தப் பார்வை திரும்பக் கிடைத்தது. 2018இல் நிக்கான் இசட் மவுண்டை 16 மி.மீ. தூரத்தோடும், கேனன் ஆர்.எஃப். மவுண்டை 20 மி.மீ. தூரத்தோடும் அறிமுகப்படுத்தின. நிக்கான் எஃப் லென்ஸை இசட் கேமராவில் மாட்ட உதவும் எளிய அடாப்டரைக் கையில் எடுத்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இருக்காது. முப்பதரை மில்லிமீட்டர் நீளமுள்ள, உள்ளே கறுப்புப் பூசிய வெற்று உருளை. கண்ணாடி இல்லை, ஆகவே தரம் குறையவும் வழியில்லை. உருளையின் நீளம் சரியாக இருந்தால் போதும்.

இப்படித் திரும்பி வந்தவற்றில் ஒன்றைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். சோவியத் ஒன்றியத்தில் ஏராளமாகச் செய்யப்பட்ட ஹீலியோஸ் 44-2 லென்ஸ், 58 மி.மீ., எஃப்2. போருக்கு முந்தைய ஜெர்மனியின் ஸைஸ் பயோட்டார் வடிவமைப்பைத் தழுவியது. எம்42 என்ற திருகு மவுண்ட் என்பதால், நட்டுக்குள் போல்ட்டைத் திருகுவதுபோலக் கேமராவில் திருகவேண்டும். முன்பக்கம் இரண்டு வளையங்கள் இருக்கும். ஒன்றில் எஃப்8 என்று அபெர்ச்சரை முன்கூட்டியே குறித்துவைக்கலாம். மற்றதில் ‘கிளிக்’ சத்தமே கிடையாது. அதைத் திருப்பினால் உள்ளேயுள்ள எட்டு இதழ்களும் குறித்துவைத்த அளவு வரை வழுக்கிக்கொண்டு மூடும். முழுதாகத் திறந்துவைத்து, இலைகள் அடர்ந்த மரத்தின் முன் ஒருவரை நிற்கவைத்து எடுத்தால், இலைகளுக்கு நடுவே தெரியும் ஒளிப்பொட்டுகள் படத்தின் மையத்தில் வட்டமாகவும் ஓரத்தில் எலுமிச்சம்பழம்போல நசுங்கியும் விழும். நசுங்கியவை எல்லாம் மையத்தைச் சுற்றியே திரும்பியிருப்பதால் பின்னணி முழுவதும் சுழல்வதுபோலத் தோன்றும். கணக்கில் பார்த்தால் அது குறைபாடு. ஆனாலும் அந்தச் சுழற்சியைத் தேடித்தான் இன்று அதை வாங்குகிறார்கள்.

பென்டாக்ஸின் சூப்பர் டாக்குமார் 50 மி.மீ. எஃப்1.4 இன்னொரு வகை. அதன் ஏழு கண்ணாடி வடிவத்தில் ஒளியை வலுவாக வளைப்பதற்காகத் தோரியம் கலந்த கண்ணாடி சேர்த்தார்கள். ஆண்டுகள் செல்லச் செல்லத் தோரியத்தின் மெல்லிய கதிர்வீச்சால் அந்தக் கண்ணாடி தேநீர் நிறத்துக்குப் பழுத்துவிடும். வெள்ளைத் தாளின் மேல் பிடித்துப் பார்த்தால் மஞ்சள் உடனே தெரியும். பல நாள் வெயில் காட்டினால் நிறம் பெரும்பாலும் வெளுத்துவிடும். ஆனால் கீழே துணியை விரித்துவைத்துவிட்டுப் போய்விடக் கூடாது. லென்ஸ் வழியே குவிகிற வெயில் துணியைப் பொசுக்கிவிடும்.

இவ்வளவும் கேட்டபின் எழுகிற முதல் மறுப்பு நியாயமானது: ஓடுகிற குழந்தையையும் பறக்கிற மீன்கொத்தியையும் கையால் திருகிப் பிடிக்க முடியுமா? எல்லோராலும் முடியாது. இன்றைய வ்யூஃபைண்டரில் ஃபோகஸ் ஆன விளிம்புகளை நிறம் பூசிக் காட்டும் வசதியும், காட்சியைப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதியும் இருக்கின்றன. நிற்பதற்கும் உட்கார்ந்திருப்பதற்கும் அவை போதும், பறப்பதற்குப் போதாது. அப்படியானால் தானியங்கி லென்ஸ் வாங்குபவருக்கு என் வாதம் பொருந்தாதா என்றால், அங்கேதான் கதை இன்னும் சுவையாகிறது. மவுண்டை மாற்றாமல் காப்பாற்றிய நிக்கான், 1986இல் தொடங்கிய தன் தானியங்கி லென்ஸ் வரிசைக்குள் முதலில் மோட்டார் வைக்கவில்லை. கேமராவின் மோட்டார் ஒரு சிறு திருப்புளி முனையால் லென்ஸைத் திருப்பியது. பிறகு 2006இல் வந்த டி40இலும், அதன்பின் வந்த டி3000, டி5000 வரிசைகளிலும் அந்த மோட்டாரை எடுத்துவிட்டார்கள். இசட் கேமராவுக்காக 2018இல் கொடுத்த எஃப்.டி.இசட். அடாப்டரிலும் மோட்டார் இல்லை. லென்ஸ் மாட்டிக்கொள்ளும், படமும் வரும். ஃபோகஸ் மட்டும் கையால்தான். கேனனோ 1987இல் எல்லோரையும் கோபப்படுத்தியது உண்மைதான். ஆனால் அன்றே மோட்டாரை லென்ஸுக்குள் வைத்து, கேமராவோடு மின்தொடர்பு வழியாக மட்டும் பேசவைத்தது. அதனால் 1987இன் இ.எஃப். லென்ஸும் இன்றைய ஆர்.எஃப். கேமராவில் அடாப்டர் வழியே தானாக ஃபோகஸ் ஆகிறது. எனவே எண்ணைப் பார்த்த கையோடு, அபெர்ச்சரையும் ஃபோகஸையும் திருப்புவது யார், லென்ஸா கேமராவா, என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வளையம் பொருந்துவது வேறு, வேலை நடப்பது வேறு.

புதிய லென்ஸ்கள் பழையவற்றைவிடத் துல்லியமானவை என்பது இரண்டாவது மறுப்பு. பெரும்பாலும் உண்மையே. எதிர்வெயிலில் எடுத்தால் பழைய பூச்சுக்கும் புதிய பூச்சுக்கும் உள்ள தூரம் தெரிந்துவிடும். ஆனால் இன்றைய மிரர்லெஸ் லென்ஸ்கள் பலவற்றில் கோணல்களைத் திருத்தும் வேலையில் ஒரு பங்கைக் கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள் ஏற்கிறது. எடை குறைய அது உதவுகிறது, தவறில்லை. என்றாலும் அந்த லென்ஸ் தன் கேமராவை விட்டுப் பிரிந்தால் அரைகுறையாகிவிடும். சாம்சங் 2010இல் தொடங்கிய என்.எக்ஸ். வரிசையை நினைத்துப் பாருங்கள். சில ஆண்டுகளிலேயே அந்நிறுவனம் கேமரா தொழிலை விட்டு விலகியது. அந்த மவுண்டின் தூரம் 25.5 மி.மீ., சோனியின் 18ஐவிட அதிகம்தான். ஆனாலும் வெற்று வளையம் அங்கே உதவாது. அபெர்ச்சர் திறப்பதும் மூடுவதும், ஃபோகஸ் நகர்வதும் கேமராவிலிருந்து வரும் மின்கட்டளையால் என்பதால், கட்டளையிட ஆளில்லாத லென்ஸ் ஒரே நிலையில் உறைந்து நிற்கும். மற்ற மவுண்டுகளுக்கும் இப்படி ஆகலாம் என்ற அச்சம் வெறும் கற்பனையும் இல்லை. 2010இல் ஜப்பானிய கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்கில் 12 கோடிக்கு மேல் அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள், 2020இல் 90 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டன. இப்படிச் சுருங்கிய சந்தையில் எந்த மவுண்ட் எத்தனை காலம் இருக்கும் என்று அதைச் செய்கிறவர்களாலும் உறுதி சொல்ல முடியாது. கையால் திருகும் ஹீலியோஸுக்கு அந்தக் கவலை கிடையாது. இன்னும் முப்பது ஆண்டு கழித்து வரும் கேமராவின் தூரம் 45 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் அதற்குப் போதும்.

மூன்றாவது மறுப்புதான் எனக்குக் கனமாகப் படுகிறது. மலிவாகக் கிடைக்கிறது, அடாப்டரும் இருக்கிறது என்று வாங்கத் தொடங்கினால் 50 மி.மீ. லென்ஸே ஐந்து சேர்ந்துவிடும். படமெடுக்கும் நேரம் போய் லென்ஸ் தேடும் நேரமாகிவிடும் என்பார்கள். மறுக்க மாட்டேன். நம் கடலோர ஊர்களின் காற்றும் அவர்கள் பக்கமே பேசுகிறது. சென்னையிலோ தூத்துக்குடியிலோ தோல் உறையில் போட்டு மழைக்காலம் முழுக்கத் திறக்காமல் வைத்த லென்ஸை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், கண்ணாடியின் ஓரத்திலிருந்து சிலந்தி வலைபோல வெள்ளை நூல்கள் உள்நோக்கிப் படர்ந்திருக்கும். ஃபங்கஸ். ஆரம்பத்தில் துடைத்தால் போகும். நாளானால் பூச்சையே அரித்துவிடும். ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்தில் வைத்திருக்கும் பெட்டி இல்லாமல் பத்து லென்ஸ் சேர்ப்பது பத்து லென்ஸையும் பூஞ்சைக்குக் கொடுப்பதுதான். ஆகவே சேர்ப்பதற்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். இந்த லென்ஸ் என்னிடம் இல்லாவிட்டால் எந்தப் படத்தை நான் எடுத்திருக்க முடியாது என்று ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத லென்ஸ் வீட்டில் இருக்க வேண்டியதில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர் ஒருவர் நம்மிடையே இருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996), சென்னையில் வாழ்ந்த இயற்கையியலாளர். யானைகளையும் பிற காட்டு விலங்குகளையும் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர். வெவ்வேறு கருவிகளின் பாகங்களை ஒன்றாகப் பொருத்தித் தானே அமைத்துக்கொண்ட கேமராவுக்கு அவர் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்திருந்தார். ஒரு கம்பெனியின் பாடியும் அதே கம்பெனியின் லென்ஸும் ஒன்றாகவே வாழ்ந்து ஒன்றாகவே மடிய வேண்டும் என்ற விதி அவருக்கு இருக்கவில்லை. எந்த விலங்கை எப்படிக் காட்ட வேண்டும் என்பது முதலில் முடிவாகியிருந்தது. கருவி அதற்கேற்ப வந்து சேர்ந்தது.

இனி செகண்ட் ஹேண்ட் லென்ஸ் ஒன்று கைக்கு வந்தால் அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். பிறகு அபெர்ச்சரை மூடியும் பாருங்கள். கண்ணாடியில் நூல் படர்ந்திருக்கிறதா, மூடிய இதழ்களில் எண்ணெய் பளபளக்கிறதா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். பின்பக்க வளையத்தின் மவுண்ட் என்ன, அதன் எண் என்ன என்பதை அதற்கு முன்பே குறித்துவைத்திருப்பீர்கள். நூல் படர்ந்த லென்ஸை எதுவரை காப்பாற்றலாம், எப்போது கைகழுவலாம் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)