கிளாஸ் இல்லாமல் பிறக்கும் ஆப்ஜெக்ட்

ஜாவாஸ்கிரிப்டில் கிளாஸ் எழுதாமலே ஆப்ஜெக்ட் உருவாகிவிடுகிறதே, அது எப்படி என்று கல்லூரி மாணவி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். ஜாவாவை முதலில் படித்த பலருக்கும் இந்தச் சந்தேகம் வரும்.

முதலில் கிளாஸை வரையறுத்து, பிறகு ‘நியூ’ போட்டு ஆப்ஜெக்டை உருவாக்கும் முறை ஆஸ்லோவில் பிறந்தது. ஓலே யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் உருவாக்கிய சிமுலா 67தான் அதற்கு மூலம். ஜாவாவும் சி பிளஸ் பிளஸும் அதன் வழிவந்தவை.

1986இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் டேவிட் அங்கரும் ராண்டல் ஸ்மித்தும் வடிவமைத்த செல்ஃப் மொழியில் கிளாஸே கிடையாது. இருக்கிற ஆப்ஜெக்ட் ஒன்றைப் பிரதி எடுத்தால் புதியது தயார். 1995இல் நெட்ஸ்கேப்பில் ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கிய பிரெண்டன் ஐக், கிளாஸ் வேண்டாம் என்ற எண்ணத்தை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டார்.

நான் சொக்கிப்போவது அதற்கடுத்த விஷயத்தில். எங்கள் வீட்டு மல்லிகையில் பதியன் போடுவோம். மண்ணுக்குள் வளைத்துப் புதைத்த கிளை, வேர் விடும்வரை தாய்ச்செடியை நம்பியே பிழைக்கும். ஜாவாஸ்கிரிப்ட் ஆப்ஜெக்டும் இப்படித் தனக்கு மூலமான ஆப்ஜெக்டாகிய தாயோடு ஒட்டியே இருக்கிறது; வேர் விட்ட பிறகும் யாரும் வெட்டிப் பிரிப்பதில்லை. கேட்ட தகவல் தன்னிடம் இல்லையென்றால் தாயிடம் தேடும். அங்கும் இல்லையென்றால் தாயின் தாயிடம். புது மதிப்பை எழுதும்போது மட்டும் பெரும்பாலும் தன்னிடமே எழுதிக்கொள்ளும். தாயிடம் இப்போது ஒரு செயலைச் சேர்த்தால், முன்பே பிறந்த பிள்ளைகள் அத்தனைக்கும் அது கிடைத்துவிடுகிறது!

ஆபத்தும் இங்கேதான். தாயிடம் ஒரு பட்டியல் இருந்து, பிள்ளை ஒன்று அதில் ஒரு பெயரைச் சேர்த்தால், உடன்பிறப்புகள் எல்லாருடைய பட்டியலிலும் அந்தப் பெயர் தெரியும். பட்டியல் ஒன்றே ஒன்றுதானே!

2015இல் ஜாவாஸ்கிரிப்டிலும் ‘கிளாஸ்’ வந்துவிட்டது. எழுதும் முறைதான் மாறியது. அடியில் ஓடுவது அதே தாய்ப்பிள்ளைத் தொடர். பல பயிற்சி வகுப்புகளில் இதைச் சொல்லாமலே கடந்துவிடுகிறார்கள். இலக்கணங்களை மனப்பாடம் செய்து நேர்முகத் தேர்வில் ஒப்பிக்கும் பிள்ளைகள், மேலே சொன்ன பட்டியல் கோளாறு வரும்போது எங்கே தேடுவதென்று தெரியாமல் திணறுகிறார்கள். அது அவர்கள் குற்றமல்ல, கற்பித்தவர்கள் குற்றம்.

கேள்வி கேட்ட மாணவிக்கு ஒன்று சொல்வேன். உலாவியின் கன்சோலைத் திறந்து, ‘ஆப்ஜெக்ட்.கிரியேட்’ மூலம் ஒரு பிள்ளையை உருவாக்குங்கள். தாயின் மதிப்பொன்றை மாற்றிவிட்டுப் பிள்ளையிடம் கேளுங்கள். பிறகு அதே பெயரில் பிள்ளையிடம் வேறு மதிப்பை எழுதிவிட்டு, தாயிடம் கேட்டுப் பாருங்கள்.