பாபேல் கோபுரமும் மொழிகளின் பிரிவும்

எபிரேய வேதத்தின் முதல் நூலான ஆதியாகமம், உலகில் பல மொழிகள் தோன்றிய கதையைத் தன் 11ஆம் அதிகாரத்தில் ஒன்பதே வசனங்களில் சொல்லி முடிக்கிறது. பெருவெள்ளத்துக்குப் பின் ஒரே மொழி பேசிய மக்கள், இன்றைய ஈராக்கின் தென்பகுதியாகக் கருதப்படும் சிநெயார் சமவெளியில் குடியேறி, கல்லுக்குப் பதிலாகச் சுட்ட செங்கல்லையும் சாந்துக்குப் பதிலாக நிலக்கீலையும் கொண்டு, வானளாவும் கோபுரத்துடன் ஒரு நகரத்தைக் கட்டத் தொடங்கினார்கள்.

இந்தச் செங்கல் விவரம் மிகத் துல்லியமானது. கல் அரிதான மெசொப்பொத்தேமியாவில் ‘சிகுராத்’ எனப்படும் அடுக்குக் கோபுரங்கள் இம்முறையில்தான் எழுந்தன. பாபிலோனில் மர்தூக் தெய்வத்துக்கு எழுப்பப்பட்ட எத்தெமெனான்கியின் அடித்தளம் பக்கத்துக்கு ஏறத்தாழ 91 மீட்டர். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் அங்கே சிறைப்பட்டுச் சென்ற யூதர்கள் அதைக் கண்டிருக்கக்கூடும்.

தங்களுக்கென்று பெயர் ஈட்ட வேண்டும், எங்கும் சிதறிவிடக் கூடாது என்று கட்டியவர்கள் எண்ணியதே செருக்காகிறது. ஏனெனில் பூமியை நிரப்பும்படி, பெருவெள்ளத்தில் தப்பிய நோவாவின் குடும்பத்துக்கு இடப்பட்ட கட்டளைக்கு அது நேர் எதிரானது. கடவுள் அவர்கள் பேச்சைக் குழப்பியதால் ஒருவர் சொல் மற்றவருக்கு விளங்காமல் வேலை நின்றது, மக்களும் சிதறினார்கள்.

கோபுரம் இடிந்ததாகப் பலரும் நம்பினாலும் மூலத்தில் அச்செய்தி இல்லை. நிம்ரோது என்ற அரசன் மக்களைத் தூண்டினான் என்பதும், முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் போன்றோர் வழியாக வந்த பிற்கால விளக்கமே. தங்களுக்குத் தாங்களே பெயர் ஈட்ட முயன்ற இவர்களுக்கு மாறாக, ஆதியாகமத்தின் அடுத்த அதிகாரத்தில், யூதர்களின் முற்பிதா ஆபிரகாமின் பெயரைத் தாமே பெருமைப்படுத்துவதாகக் கடவுள் வாக்களிக்கிறார். இவ்விரண்டு பகுதிகளையும் சேர்த்துப் படிப்பவர்களுக்கே கதையின் முழுப் பொருள் விளங்கும்.