10080 காரணிகள் கொண்ட ஓர் எண்

6746328388800 என்னும் 13 இலக்க எண்ணை, அதாவது 6,74,632 கோடியே 83,88,800 என்பதை, மீதியின்றி வகுக்கக்கூடிய எண்கள், அதாவது அதன் காரணிகள், மொத்தம் 10080. அதைவிடச் சிறிய எந்த முழு எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையா. தனக்கு முந்திய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் விஞ்சும் இத்தகைய எண்களை உயர் பகு எண்கள் எனலாம். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன், கேம்பிரிட்ஜில் இருந்தபோது, 1915-இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் இவற்றைப் பற்றி வெளியிட்ட நீண்ட கட்டுரையில் ஒரு பட்டியலைத் தந்தார். அப்பட்டியலின் கடைசி எண் இதுவே.

1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் பகா எண்களுக்கு இது நேர் எதிரானது என்றாலும், இதன் இயல்பு முழுவதும் பகா எண்களிலிருந்தே வருகிறது. பகா எண்களின் பெருக்கலாகப் பிரித்தால் இது 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23 ஆகும். ஒரு காரணியை அமைக்க 2-ஐ ஒரு முறைகூடச் சேர்க்காமல் விடலாம், அல்லது 1 முதல் 6 முறை வரை சேர்க்கலாம்; ஆக 7 வழிகள். அவ்வாறே 3-க்கு 5 வழிகளும், 5-க்கும் 7-க்கும் மும்மூன்று வழிகளும், எஞ்சிய ஐந்து பகா எண்களுக்கு இவ்விரண்டு வழிகளும் இருப்பதால், இவற்றையெல்லாம் பெருக்க 10080 கிடைக்கிறது. இந்த 10080-உம் ஓர் உயர் பகு எண்ணாக இருப்பது வியப்புக்குரியது.

அடுக்குகள் 6, 4, 2, 2, 1 என ஏறாமல் இறங்கி வருவது தற்செயலன்று. 18 என்பது 2 × 3², 12 என்பது 2² × 3. இரண்டுக்கும் 6 காரணிகளே உண்டு, ஆனால் பெரிய அடுக்கைச் சிறிய பகா எண்ணுக்கு மாற்றியதால் 12 சிறிதாகிவிட்டது. எனவே 18 உயர் பகு எண் ஆகாது. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு, 4, 36 என்னும் இரண்டில் தவிர, எப்போதும் 1 ஆகவே இருக்கும் என்பதையும் இராமானுஜன் நிறுவினார். எளிய வகுத்தலிலிருந்து இவ்வளவு கட்டுக்கோப்பை வெளிக்கொணர்ந்ததே அக்கட்டுரையின் பெருமை.

இவ்வாய்வுக்காகவே 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியது. சங்கத்தின் நிதி நெருக்கடியால் அன்று அச்சேறாத பகுதி 1997-இல்தான் முழுமையாக வெளிவந்தது. கையாலேயே கணக்கிட்ட அப்பட்டியலில் விடுபட்டுப்போன உயர் பகு எண் 293318625600. 5040 காரணிகளைக் கொண்ட அதனை 23-ஆல் பெருக்கினால் 6746328388800 கிடைக்கும்.