நாடி வேகமாக ஓடும்போது

நாடி பார்ப்பது பரிசாரியாரின் வேலை என்றே எம்மில் பலர் இன்னும் எண்ணுகின்றோம். ஆனால் ஒரு மணிக்கூடு இருந்தால் எவரும் தமது நாடியைத் தாமே எண்ணலாம். ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்திருங்கள். பின்னர் பெருவிரலின் அடிப்பக்கமாக மணிக்கட்டில் சுட்டுவிரலையும் நடுவிரலையும் வைத்து 30 செக்கன் எண்ணி, வந்த தொகையை இரண்டால் பெருக்குங்கள். பெருவிரலால் பார்க்கக் கூடாது. அதற்கும் சொந்தமாக ஒரு துடிப்பு உண்டு. ஓய்வாக இருக்கும் வளர்ந்தவருக்கு நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை இருப்பது வழமை. காலையில் எழுந்ததும், தேநீர் குடிக்குமுன், மூன்று நான்கு நாட்கள் பார்க்க வேண்டும். வெயிலில் நடந்து வந்து ஒரு தடவை எண்ணிய கணக்கை வைத்துக் கலங்கத் தேவையில்லை.

நாடி 100ஐத் தாண்டியே நிற்குமானால், அதைக் குறைப்பது எப்படி என்று கேட்குமுன் அது ஏன் ஓடுகின்றது என்று கேட்க வேண்டும். வேகமான நாடி பல வேளைகளில் வேறொரு நோயின் அறிவிப்பு. உடல் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் ஏறினால் நாடி ஏறத்தாழ 10 கூடும். இரத்தச்சோகை உள்ளவரின் இரத்தம் குறைந்த அளவு ஒட்சிசனையே சுமப்பதால், இதயம் அதிக தடவை அடித்து அந்தக் குறையை ஈடுசெய்கின்றது. தைரொயிட் சுரப்பி மிகையாகச் சுரந்தால் நாடி வேகத்துடன் உடல் மெலிவு, கை நடுக்கம், வியர்வை ஆகியனவும் தோன்றலாம். ஆஸ்துமாவுக்குப் பாவிக்கும் சல்பியூட்டமோலும் நாடியைக் கூட்டும். கர்ப்பிணிக்குச் சற்றுக் கூடுவது இயல்பு. தைரொயிட் நோயை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கைமருந்து செய்பவர் இழப்பது அந்த மாதங்களை மட்டுமல்ல, இதயத்தையும் பழுதாக்கிக்கொள்கின்றார்.

காரணம் நோயல்ல என்று வைத்தியர் சொன்ன பிறகு செய்யக்கூடியவை பல உண்டு. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நீளும் எமது கரையில் முதலாவது தண்ணீர். கரைவலை இழுப்பவரும் வேளாண்மை வெட்டுபவரும் வியர்வையாக இழப்பது இரத்தத்தின் நீரையே. இரத்தத்தின் அளவு குறையும்போது இதயம் விரைந்து ஓடுகின்றது. தாகம் வரும்வரை காத்திராமல் இடைக்கிடை குடிக்க வேண்டும். நோன்பு மாதத்தில் இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையில் தண்ணீரைப் பகிர்ந்து குடிப்பது நல்லது. நோன்புக் கஞ்சி நீரும் உப்பும் சேர்ந்த நல்ல உணவு. இதய நோயாளரும் நீரிழிவு நோயாளரும் நோன்பு தொடங்குமுன்னரே மருந்து வேளைகளை வைத்தியரிடம் மாற்றிக்கொள்ள வேண்டும். நோயாளிக்கு உள்ள சலுகையை உலமாக்களிடம் கேட்டறியலாம். அது நாம் விளக்க வேண்டிய விடயமல்ல.

புகையிலை அடுத்தது. சிகரெட்டானாலும் வெற்றிலையோடு மெல்லும் புகையிலையானாலும் நிக்கொட்டின் ஒன்றே. அது உடலில் அதிரினலினைச் சுரக்கச் செய்து நாடியை ஓட்டுகின்றது. விட்டுவிட்டால் சில நாட்களிலேயே வேறுபாடு தெரியும். தேநீரை இதே அளவுக்குக் குற்றஞ்சாட்ட மாட்டோம். ஆனால் சாப்பாட்டோடு குடிக்கும் கடும் சாயம் உணவிலுள்ள இரும்பை உடலில் சேரவிடாது. இரத்தச்சோகையுள்ள எமது பெண்களுக்கு அதுவே பெரிய கேடு. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம். இளைஞர்கள் இரவில் வாங்கும் ‘சக்தி பானங்கள்’ வேண்டவே வேண்டாம்.

நடைப்பயிற்சி மெதுவாகப் பலன் தரும். பழகிய இதயம் ஒரு துடிப்பில் அதிக இரத்தத்தைத் தள்ளுவதால் குறைந்த துடிப்பே போதுமாகின்றது. வாரத்தில் ஐந்து நாள், 30 நிமிடம், இரண்டு மூன்று மாதம் நடந்தால் சில துடிப்புகள் குறையும். வீதியில் தனியே நடக்கத் தயங்கும் பெண்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து சுப்ஹுக்குப் பின் கடற்கரையில் நடக்கலாம். வளவுக்குள் சுற்றி வந்தாலும் அதே பயன்தான்.

மூச்சும் உதவும். நிமிடத்திற்கு ஆறு மூச்சு, உள்ளே இழுப்பதிலும் வெளியே விடுவது நீளமாக, பத்து நிமிடம் செய்யலாம். மூச்சை அடக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் அதிகமானோர் கடலுக்குப் பலியாயினர். கடல் இரைந்தாலே நெஞ்சு படபடக்கின்றது என்று சொல்வோர் இக்கரையில் உள்ளனர். அது பாசாங்கு அல்ல. மூச்சுப் பயிற்சி போதாவிட்டால் மனநல வைத்தியரிடம் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

‘இயற்கை’ என்றதும் தீங்கற்றது என்று நம்பிவிடக் கூடாது. வேலியில் மஞ்சளாகப் பூக்கும் அலரியின் நஞ்சும் நாடியைக் குறைக்கும், உயிரையும் எடுக்கும். கண்ணை அழுத்துவது, முதியவரின் கழுத்து நரம்பைத் தேய்ப்பது இரண்டும் ஆபத்து. பக்கத்து வீட்டாரின் குளிசையை வாங்கி விழுங்குவது அதைவிட ஆபத்து. புரோப்பிரனொலோல் ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடக்கூடும். வைத்தியர் தந்த அத்தகைய குளிசையைத் தாமாகத் திடீரென நிறுத்துவதும் கூடாது.

நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் வந்தாலோ, சும்மா இருக்கையில் நாடி திடீரென 150ஐ எட்டினாலோ வீட்டில் காத்திருக்க வேண்டாம். 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். நாடி ஒழுங்கின்றி விட்டுவிட்டு அடித்தால் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். அவசரமில்லாதவர்கள் ஒரு வாரக் கணக்கைத் திகதியும் நேரமும் இட்டு ஒரு கொப்பியில் எழுதி, பாவிக்கும் மருந்துகளின் உறைகளையும் எடுத்துக்கொண்டு அரசாங்க வைத்தியசாலைக்குப் போனால், எந்த இரத்தப் பரிசோதனை தேவை என்பதை வைத்தியர் விரைவில் தீர்மானிக்கலாம்.